கிராண்ட் பேயில் நாலு நாள்: யார் கை பட்ட மீன்

முதல் நாள், வியாழன் இரவு

மொரீஷியஸின் எபேனில் ஆபீஸ் வேலை நேற்றோடு முடிந்தது. ஊருக்கு விமானம் ஞாயிறு இரவுதான். கூட வந்தவர்கள் எல்லாம் தென்மேற்கே லெ மோர்ன் மலைப் பக்கம் ரிசார்ட் பார்த்துப் போய்விட்டார்கள். எனக்குக் கொஞ்சம் சத்தமும் கொஞ்சம் கடைத்தெருவும் வேண்டும். மெட்ரோ பிடித்து போர்ட் லூயி, அங்கிருந்து பஸ் பிடித்து வடக்கே கிராண்ட் பே என்று வந்து சேர்ந்தேன்.

பஸ் டிக்கெட்டுக்கு நோட்டை நீட்டும்போதுதான் அதில் தமிழ் எழுத்தைப் பார்த்தேன். மொரீஷியஸ் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி மூன்றும் இருக்கும். 1998-இல் தமிழைக் கீழே இறக்கி இந்தியை மேலே ஏற்றி அச்சடித்ததற்கு இங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புக் கிளப்பி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த மொழி. பேச்சு போனாலும் எழுத்தின் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவும் அப்படித்தான். வயது அறுபத்தைந்துக்கு மேல். 'வணக்கம்' சொன்னார், 'கோயில்' சொன்னார், 'முருகா' சொன்னார், அதற்கப்புறம் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார். தைப்பூசக் காவடிக்குப் பாடும் பாட்டெல்லாம் மனப்பாடமாம். பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். தமிழ்ப் பாட்டு, பிரெஞ்சு எழுத்தில்.

ஊரில் என்ன பார்க்கலாம் என்று கேட்டேன். கடைகள், கடற்கரை, கோயில் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "நாளைக்கும் மறுநாளும் யாட் கிளப்பில் மீன் போட்டி இருக்கிறது, என் தம்பி மகன் ஒரு படகில் வேலை செய்கிறான், போய்ப் பாருங்கள்" என்றார். மீன் போட்டி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் குடும்பம் மீன்பிடிக் குடும்பம் இல்லை. ஆனால் நான் தூத்துக்குடியில் வளர்ந்தவன். திரேஸ்புரத்தில் ஏலம் போடும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, காசு கட்டிக் கடலுக்குப் போய் மீன் பிடிப்பது என்பது காசு கொடுத்து மூட்டை தூக்குவது மாதிரி.

சரி, பார்ப்போம் என்று சாயங்காலம் போனேன். அது அடிப்படையில் பாய்மரப் படகுக் கிளப். கரையில் சின்னப் பிள்ளைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகுகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் நம் ஊர்க் குளியல் தொட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதற்கு அந்தப் பக்கம், படகுத்துறையில், இரண்டு பக்கமும் மீசை மாதிரி நீளக் கழிகளை நிமிர்த்திக்கொண்டு மோட்டார் படகுகள். மொத்தம் பதினேழு. ஓடும்போது அந்தக் கழிகளை விரித்துவிட்டால் தூண்டில் நரம்புகள் ஒன்றோடொன்று சிக்காமல் அகல அகலமாகப் பின்னால் வருமாம்.

தம்பி மகன் அங்கேதான் இருந்தான். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதிருக்கும். ஒரு கொக்கியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான். கொக்கி என் உள்ளங்கை அகலம். தேய்த்துவிட்டு அதன் முனையைத் தன் கட்டைவிரல் நகத்தில் மெதுவாக வைத்து இழுத்தான். வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி தேய்த்தான். அடுத்த தடவை முனை நகத்தில் அப்படியே பிடித்து நின்றது. என் விரலிலும் வைத்துக் காட்டினான். அழுத்தவே இல்லை, ஆனாலும் கோடு விழுந்துவிட்டது. அந்தக் கொக்கிக்கு மேல் ஊதாவும் கறுப்புமாக ரப்பர்ப் பாவாடை கட்டிய ஒரு பொம்மை. இதைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போனால் கணவாய் ஓடுவது மாதிரி இருக்குமாம். எனக்குத் திருவிழாக் கடை பொம்மை மாதிரி இருந்தது. மீனுக்கு எப்படித் தெரிகிறதோ.

ஏழு மணிக்குப் படகுத் தலைவர்கள் கூட்டம். ஆளுக்கொரு பீனிக்ஸ் பீர். விதிகளைப் படித்தார்கள். காலை 6 மணிக்கு ரேடியோவில் சொன்ன பிறகுதான் தூண்டில் தண்ணீரில் இறங்க வேண்டும், மாலை 4 மணிக்கு எல்லாம் மேலே வந்துவிட வேண்டும். அதற்கு முன்பே மாட்டிய மீன் என்றால் நேரம் தாண்டியும் போராடலாம். கிலோவுக்கு ஒரு புள்ளி. மார்லின் என்பது ஈட்டி மூக்குள்ள பெரிய கடல்மீன், அதில் சின்னதை விட்டுவிட வேண்டும். விட்டதற்குத் தனிப் புள்ளி உண்டு.

இதெல்லாம் புரிந்தது. புரியாதது ஒன்றுதான். மீன் மாட்டிய நொடியிலிருந்து கம்பு, ரீல், நரம்பு மூன்றையும் தொட ஒருவருக்குத்தான் உரிமை. வேறு யார் விரல் பட்டாலும் மீன் கணக்கில் வராது. 1939-இல் நியூயார்க்கில் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதி அது, உலகம் முழுக்க இப்படித்தான் என்றார் பக்கத்தில் இருந்தவர். மீன் படகை ஒட்டி வந்த பிறகு கடைசி நரம்பைப் பிடித்து இழுக்கலாம், வளைகொக்கி போட்டுத் தூக்கலாம். போராடுகிறவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கலாம். கம்பை மட்டும் தொடக் கூடாது.

எங்கள் ஊரில் இதைச் சொன்னால் ஏலக்கூடமே சிரிக்கும்.

இரண்டாம் நாள், வெள்ளி

ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். உடம்புக்கு இன்னும் இந்திய நேரம்தான், அங்கே அப்போது ஆறரை. படகுத்துறைக்குப் போனபோது படகுகள் எல்லாம் என்ஜின் உறும வெளியேறிக்கொண்டிருந்தன. டீசல் வாசனை. அது மட்டும் அப்படியே தூத்துக்குடி. ஆறு மணிக்கு ரேடியோவில் ஒரு குரல், அவ்வளவுதான். போட்டி தொடங்கிவிட்டது, பார்ப்பதற்கு எதிரே ஒன்றுமே இல்லை. பதினேழு படகும் அடிவானத்துக்கு அந்தப் பக்கம்.

மீன்பிடிப் போட்டி பார்ப்பது என்றால் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு ரேடியோ பெட்டியைக் கேட்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை 'கர்ர்' என்று ஏதோ பேசும். பிரெஞ்சு, கிரியோல், ஆங்கிலம் எல்லாம் கலந்து. பக்கத்தில் ஒரு பெரியவர் எனக்காக ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார். "ஒன்றுமில்லை." "ஒரு சூரை." "ஒன்றுமில்லை." என்ன செய்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் கிரியோலில் அவர் சொன்ன பதில் 'நூ பெ அத்தான்'. காத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தமாம். மூன்றாவது தடவை கேட்டபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நம் ஊரில் அத்தான் யார் என்று விளக்கினேன். அவருக்கும் அது பிடித்துப்போய், அதன் பிறகு என்னை அத்தான் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

பத்து மணிக்குத் தெருவில் டோல்பூரி வாங்கிவந்தேன். டோல் என்றால் பருப்பு. வெந்த பருப்பை உள்ளே வைத்து மெல்லிசாகத் தேய்த்துச் சுட்டது, இனிப்பில்லாத பருப்புப் போளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டாகத்தான் தருவார்கள். நடுவில் மொச்சை மாதிரி பெரிய பயறுக் குழம்பு, தக்காளித் தொக்கு, மிளகாய் அரைத்தது. நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், உட்கார்ந்தால் சட்டையில் ஊற்றிக்கொள்ளும். எனக்கு நின்றும் ஊற்றியது.

பெரியவரிடம் கேட்டுக் கேட்டு வடக்கே இருக்கும் தீவுகளின் கதையைத் தெரிந்துகொண்டேன். படகுகள் அவற்றைச் சுற்றித்தான் ஓடுகின்றன. கப்பலின் மூக்கு மாதிரி செங்குத்தாக நிற்பது குவான் த மீர். அதற்கப்புறம் தட்டைத் தீவு, அதற்கும் வெளியே வட்டத் தீவு, பாம்புத் தீவு. இதில் வேடிக்கை என்னவென்றால் பாம்புத் தீவில் பாம்பே கிடையாது, வட்டத் தீவில்தான் பாம்பு உண்டு. அதுவும் வட்டமாக இருக்காதாம். பெயர் வைத்தவர் எதையோ மாற்றி எழுதிவிட்டார் என்கிறார்கள்.

மதியம் முழுக்கப் பாய்மரப் பிள்ளைகளை வேடிக்கை பார்த்தேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி வளைகுடாவில் மூன்று தடவை கவிழ்ந்து மூன்று தடவையும் தானே நிமிர்த்திக்கொண்டு ஏறினாள். பயிற்சியாளர் ரப்பர் படகில் பக்கத்திலேயே இருந்தார், கை கொடுக்கவில்லை.

மாலை படகுகள் திரும்பின. நாலு டொராடோ, வாஹூ இரண்டு, சூரை நிறைய. டொராடோ உயிரோடு இருக்கும்போது தங்கமும் பச்சையுமாக மின்னும் என்பார்கள். எடைக்கு வரும்போது பழைய பித்தளைச் செம்பு நிறத்தில் இருந்தது. வாஹூ நம் வஞ்சிரத்தின் உறவு. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, கொஞ்சம் கோபக்கார உறவு. மார்லின் ஒன்றே ஒன்றுதான் வந்தது, 163 கிலோ. அதைப் பிடித்தவர் எடைமேடைக்குக் கீழே நின்று அரை மணி நேரம் போட்டோ எடுத்துக்கொண்டார்.

நம்ம பையனுடைய படகுக்கு இரண்டு சூரை மட்டும். "பாடு இல்லை" என்று தமிழில் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். கடலில் அன்றைக்குக் கிடைக்கும் மீன்தான் பாடு. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் எனக்கு அகப்படவில்லை.

மூன்றாம் நாள், சனி இரவு

இதைப் படுக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. தூக்கம் வரவில்லை.

காலை பத்தே முக்காலுக்கு ரேடியோ பேசியது. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெரிசு" என்றார். எந்தப் படகு என்று கேட்டேன். நம்ம பையனுடையது.

வராந்தாவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியை ரேடியோ பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் தாளில் நேரம் குறித்தார். 10:47, மாட்டியது. 11:20, நானூறு மீட்டர் நரம்பு வெளியே. 11:50, மீன் துள்ளுகிறது, ஐந்து தடவை, ஆறு தடவை. 12:30, கீழே இறங்கிவிட்டது, மேலே வர மறுக்கிறது. அதற்கப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை. நேற்று எனக்கு அலுப்பாக இருந்த அதே பெட்டி, அதே 'கர்ர்'. நான் பாத்ரூம் கூடப் போகவில்லை.

நடுவில் பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இவ்வளவு கனம் என்றால் கட்டாயம் பெண் மீன்தான், நீல மார்லினில் ஆண் 160 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். உலகச் சாதனைகளை எல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தார். பசிபிக்கில் நீல மார்லின் 1982-இல் ஹவாயின் கோனாவில் பிடித்தது, சுமார் 624 கிலோ. கருப்பு மார்லின் 1953-இல் பெருவின் காபோ பிளாங்கோவில், 707 கிலோ. எழுபது வருஷம் தாண்டியும் அந்தக் கருப்பு மார்லினை யாரும் முந்தவில்லை. எங்கள் ஊர்க் கரையில் தலைமுறை தலைமுறையாகப் பிடிக்கிறார்களே, எது பெரிசு என்று யாராவது எழுதி வைத்தார்களா என்று யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு என்ன விலை போனது என்றுதான் பேச்சு இருக்கும்.

2:05, மீன் படகை ஒட்டி. 2:12, ஏற்றியாகிவிட்டது.

மூன்றே கால் மணிக்கு அந்தப் படகு வளைகுடாவுக்குள் நுழைந்தது. கழியில் மார்லின் படம் போட்ட கொடி பறந்தது. கரையில் கைதட்டினார்கள். நான் விசில் அடித்தேன், தூத்துக்குடி விசில். ஆனால் படகு பக்கத்தில் வந்ததும் பார்த்தேன், அதில் யார் முகத்திலும் சிரிப்பில்லை. பிடித்தவர் நரைத்த தலைக்காரர். ஒரு காகித டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அப்படியும் தண்ணீர் தளும்பிக்கொண்டே இருந்தது. நம்ம பையன் கயிறு கட்டும் சாக்கில் தலையைத் தூக்கவே இல்லை.

வாலில் கயிறு போட்டு மீனைத் தூக்கினார்கள். வால்தான் முதலில் மேலே போனது, பிறை மாதிரி, நான் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. பிறகு உடம்பு வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்த ஈட்டி மூக்கு தரையைத் தட்டி நின்றது. முதுகு இன்னும் கருநீலம். விலாவில் இருந்திருக்க வேண்டிய வெளிர்நீலக் கோடுகள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிலேட்டில் ஈரத்துணி போட்ட மாதிரி மறைந்தன. பக்கத் துடுப்பை ஒருவர் மடக்கிப் பார்த்தார், உடம்போடு ஒட்டி மடங்கியது. நீலம்தான், கருப்பு மார்லினுக்கு அது மடங்காது என்றார் பெரியவர். கண்ணுக்குப் பக்கத்தில் குனிந்தேன். டீ கிளாஸ் வாய் அகலம் இருக்கும். உள்ளே மஞ்சளாக ஏதோ ஒளி. அது எடைமேடை விளக்குதான் என்று அப்புறம் புரிந்தது.

அதற்குள் படகுத் தலைவர் நடுவர் மேசைக்குப் போய்க் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நடுவர் பேனாவை மூடினார்.

நடந்தது இதுதான். பன்னிரண்டே முக்கால் வாக்கில் மீன் திடீரென்று படகுக்கு அடியில் பாய்ந்திருக்கிறது. நாற்காலியில் கம்பின் அடியைச் செருகியிருக்கும் குழியிலிருந்து கம்பு எகிறிவிட்டது. நரைத்த தலைக்காரரின் இடுப்பு வாரோ ரீலோடு மாட்டியிருக்கிறது. கம்பு போனால் ஆளும் சேர்ந்து போவார். பின்னால் நின்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டிருந்த பையன் எட்டிக் கம்பைப் பிடித்துக் குழிக்குள் திரும்பச் செருகிவிட்டான். இரண்டு விநாடி இருக்கும். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் நரைத்த தலைக்காரர் தனியாகத்தான் போராடியிருக்கிறார். படகில் இருந்த மூன்று பேரைத் தவிர அதை யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

எடை மட்டும் போட்டார்கள். 214 கிலோ. பலகையில் எழுதி, அதன் மேல் ஒரு கோடு.

எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் ஊர்ப் படகில் கை வைத்தவனுக்கெல்லாம் பங்கு உண்டு. இங்கே கை வைத்ததால் எல்லோர் பங்கும் போச்சு. இதைப் பெரியவரிடம் கொட்டினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "அத்தான், உங்கள் ஊரில் மீன் வேண்டும். இங்கே மீன் யாருக்கு வேண்டும்? தனியாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் இத்தனை செலவு." சரிதான். நேற்று மூன்று தடவை கவிழ்ந்த அந்தப் பிள்ளைக்குப் பயிற்சியாளர் கை கொடுக்காததும் ஞாபகம் வந்தது. ஆனாலும் அவள் நிஜமாக மூழ்கினால் அவர் குதிப்பார்தானே.

பிறகு பையனைத் தேடிப் போனேன். படகைக் கழுவிக்கொண்டிருந்தான். என்ன சொல்வதென்று தெரியாமல், பயமாக இருந்ததா என்று கேட்டேன். கையைக் காட்டினான். உள்ளங்கையில் ஒன்றும் இல்லை, கொப்புளம் கூட இல்லை. "ஒரு காயமாவது இருந்திருக்கலாம்" என்றான் ஆங்கிலத்தில். அப்போது அந்த நரைத்த தலைக்காரர் வந்தார். இவன் தோளில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். கிரியோலில் இரண்டு வார்த்தை சொன்னார். அவர் போன பிறகு என்ன சொன்னார் என்று கேட்டேன். "நாளைக்கு லீவு என்றார்."

நாலாம் நாள், ஞாயிறு

பரிசளிப்புக்கு நான் போகவில்லை. 163 கிலோதான் ஜெயித்தது, அரை மணி நேரம் போட்டோ எடுத்துக்கொண்டவர்.

காலையில் வீட்டுக்கார அம்மாவோடு சூர்ய உதய சங்கம் கோயிலுக்குப் போய்வந்தேன். கோபுரத்துக்குப் பளபளவென்று வண்ணம் அடித்திருக்கிறார்கள். அர்ச்சனைச் சீட்டில் பெயரும் நட்சத்திரமும் சொன்னேன். அம்மா பையன் பெயருக்கும் ஒரு சீட்டு வாங்கினார். போட்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திரும்பும் வழியில் மட்டும், "அவன் அப்பாவும் கடலில்தான் இருந்தார்" என்றார். இருந்தார் என்று சொன்னவரிடம் மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் பையன் சமையலறையில் இருக்கிறான். செய்தித்தாளில் சுற்றி ஒரு பெரிய துண்டு மீன். இங்கே பிடிக்கிற மீன் படகுக்குச் சொந்தம். பெரும்பகுதி புகையில் வாட்டும் ஆட்களுக்குப் போய்விட்டது, புகைபோட்ட மார்லின் இங்கே ஹோட்டல் தட்டில் மெல்லிசாகச் சீவி வரும் பண்டம். அந்தப் பெரிசிலிருந்து படகுத் தலைவர் இவனுக்கு ஒரு துண்டு கொடுத்திருக்கிறார். சதை வெளிறிய இளஞ்சிவப்பு, கையில் பிடித்தால் ஆட்டுக்கறி மாதிரி கெட்டி.

அம்மா அதில் வின்டாய் செய்தார். மீனைத் துண்டு போட்டுப் பொரித்து, கடுகை அரைத்து, மஞ்சள், வினிகர், முழுசாகச் சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய், எண்ணெய். குழம்பும் இல்லை, ஊறுகாயும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். வாசனை மட்டும் நேராக எங்கள் பாட்டி வீட்டு ஊறுகாய் ஜாடிக்குப் போனது. மூன்று பேரும் ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டோம். பையன்தான் அதிகம் சாப்பிட்டான். நான் இரண்டாவது தடவை கேட்டபோது அம்மா தலையாட்டினார். இன்றைக்குச் சாப்பிடுகிற பண்டமே இல்லையாம் அது, மூன்றாம் நாள்தான் ஊறுமாம்.

மீதியை ஒரு ஜாம் பாட்டிலில் அடைத்து, மூடிக்கு மேல் பிளாஸ்டிக் பை சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். என் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அதே பெட்டியில்தான் இருக்கின்றன. பையன் பாட்டிலை வாங்கி இன்னொரு தடவை இறுக்கி மூடினான், தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தான், ஒழுகவில்லை. டாக்ஸி வந்துவிட்டது.